வெளியூர் ஃபாதரின் வரிசை

பங்குத்தந்தையின் முகத்தை வெட்டியது ஜோவிட்டாதான். பார்த்த சாட்சி யாரும் இல்லை. ஆனாலும் மூன்று வாரமாக அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசையை யூடியூபில் நேரலையாக விடுவது அவள் வேலை. முதல் வாசகத்தின் நடுவில் ஃபாதர் வாயைப் பிளந்து ஒரு கொட்டாவி விட்டார். அந்த முகத்தை வெட்டி ஸ்டிக்கராக்கி, தோழி பெனிட்டா ஒருத்திக்குத்தான் அனுப்பினாள். இரண்டே நாளில் அது பங்கு இளையோரின் போன்களில் எல்லாம் கொட்டாவி விட்டது.

போன ஞாயிறு ஃபாதரே கேமரா பக்கம் வந்தார்.

"ஏம்மா, இன்னும் கொஞ்சம் கிட்ட வையேன். மூஞ்சி தெளிவா தெரியட்டும்."

விஷயம் தெரிந்துவிட்டது, இனி வேலையைப் பிடுங்கிவிடுவார் என்று ஜோவிட்டா பயந்தாள். அந்தக் கேமரா என்றால் அவளுக்கு உயிர்.

ஈஸ்டருக்கு முன்னால் ஒரு ஃபாதரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தாக வேண்டும். பெரிய வாரக் கூட்டத்துக்காகச் சேத்துப்பட்டுப் பக்கமிருந்து ஒரு ஃபாதர் உதவிக்கு வந்திருந்தார். பௌர்ணமி கிரிவலக் கூட்டம் என்று பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டதால் வேர்க்க விறுவிறுக்க நடந்து வந்த மனிதர். முகம் தெரியாதவர் என்பதாலேயே பங்கு மொத்தமும் அவர் வரிசையில் நின்றது. உள்ளூர் ஃபாதர் எதிர்மூலையில் தனியாக உட்கார்ந்திருந்தார்.

"நம்ம ஃபாதர் சும்மாதானே உக்காந்துனு இருக்காரு? அங்க போயேன்டி," என்றாள் பெனிட்டா.

"நீ போ. ஊருக்கெல்லாம் ஃபார்வர்டு பண்ணது நீதானே?"

பெனிட்டா அவளுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டாள்.

ஒரு மணி நேரம் கழித்து ஜோவிட்டாவின் முறை வந்தது. முழங்காலிட்டவள் மற்ற பாவங்களை மளமளவென்று சொல்லிவிட்டு இதற்குத் திணறினாள்.

"ஃபாதர்... எங்க பங்கு ஃபாதர் கொட்டாவி விடறத ஸ்டிக்கர் பண்ணிட்டேன். எல்லாரும் பாத்து சிரிக்கிறாங்க. அவருக்குத் தெரிஞ்சா எவ்ளோ மனசு கஷ்டப்படுவாரு!"

சொல்லும்போதே அழுதுவிட்டாள். வலைத்தடுப்புக்கு அந்தப் பக்கம் ஓர் இருமல் கேட்டது. பிறகு இன்னொன்று. அவர் அடக்குவது கோபமா, வேறேதாவதா என்று அவளுக்குப் புரியவில்லை.

"மூணு தடவை அருள் நிறைந்த மரியே சொல்லும்மா. அழுவாத."

"அவருக்குத் தெரியவேணாம் ஃபாதர்..."

"எங்க சாமியாருங்க குரூப்ல தினம் குட்நைட்டுக்கு அதைப் போடறதே அவர்தாம்மா!"