ஒரே காலையில் மூன்றாம் வகுப்பு

மூன்றாவது பள்ளிக்கூடத்தில் வந்து இறங்கியபோது பூவிழி மூன்றாம் வகுப்புக்கு வந்திருந்தாள்.

காலை மணி அடிக்கும்போது அவள் ஒன்றாம் வகுப்பு. கடைத்தெருப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு. சாப்பாட்டு நேரத்துக்குள் மூன்று. இந்த வேகத்தில் போனால் சாயங்காலம் பிளஸ் டூ முடித்துவிடுவாள் போலிருந்தது.

உண்மையில் அவள் எந்த வகுப்பிலும் இல்லை.

ஏழு வயது. கால் இரண்டும் ஊன்றி நிற்க வராது. வாய் மட்டும் வக்கணையாகப் பேசும். அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு அம்மா வானதி ஏறி இறங்காத பள்ளிக்கூடம் அந்த ஊரில் இல்லை. முதல் பள்ளியில் சாய்தளம் இல்லை, கடைத்தெருப் பள்ளிக்குப் போங்க என்றார்கள். அங்கே சக்கர நாற்காலி இல்லை, வாய்க்கால்கரைப் பள்ளிக்குப் போங்க என்றார்கள். வாய்க்கால்கரையில் ஆயா இல்லை, உங்களுக்கு முதல் பள்ளிதானே பக்கம் என்றார்கள்.

சட்டப்படி அப்படிச் சொல்லக் கூடாதாம். யாரும் சட்டப்படி சொல்லவில்லை, அன்பாகத்தான் சொன்னார்கள்.

இந்த வாரம் பார்த்து மேலிடத்து உத்தரவு வந்தது. சிறப்புக் குழந்தைகளுக்குப் பள்ளிகளில் என்ன வசதி இருக்கிறது என்று பேரூராட்சி நேரில் பார்த்து அறிக்கை தர வேண்டும். வசதியைக் காட்ட வேண்டுமென்றால் குழந்தை வேண்டுமே! மூன்று பள்ளியிலிருந்தும் தனித்தனியாக ஆள் வந்து, குறுவை நடவில் குனிந்திருந்த வானதியை வரப்பில் நின்று மரியாதையாகக் கூப்பிட்டார்கள். பாப்பா வந்து உட்கார்ந்தால் போதும், சேர்க்கைக்கு நாங்களாச்சு என்றார்கள்.

வானதி சேற்றுக்காலோடு கரையேறினாள். மூன்றில் ஒன்றாவது சேர்த்துக்கொள்ளாதா என்ன?

ரெத்தினத்தின் குட்டியானை வண்டியில் சக்கர நாற்காலியும் பூவிழியும் முன்னால் போக, பேரூராட்சித் தலைவர் நெடுஞ்செழியனும் கவுன்சிலர்களும் ஒவ்வொரு பள்ளியிலும் டீயையும் போண்டாவையும் முடித்துக்கொண்டு பின்னால் காரில் வந்தார்கள். திருவிழாவில் ஊர் ஊராகப் போகும் ஏழூர்ப் பல்லக்கு மாதிரி நாற்காலி ஊரைச் சுற்றியது. அது யார் ஏற்பாடு என்று ஒருவரும் கேட்கவில்லை. அடுத்த பள்ளிக்காரர் செய்திருப்பார் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டார்கள்.

பெரியவர்கள் உட்காருகிற நாற்காலி அது. பூவிழி மாதிரி இரண்டு பேர் உட்காரலாம். அவள் சரிந்துவிடாமல் இருக்க முதுகுக்கு ஒரு திண்டு வைத்திருந்தார்கள். அதில் அடித்த தைல வாடையில் அவள் ஓயாமல் தும்மினாள்.

வாய்க்கால்கரைத் தலைமை ஆசிரியை பிரகதீஸ்வரி டீச்சர் விவரமானவர். அதே குழந்தை என்று தலைவர் கண்டுபிடித்துவிட்டால் எல்லோருக்கும் மெமோ நிச்சயம் என்று அவருக்கு உள்ளூர உதறல். பூவிழியின் இரட்டைச் சடையைப் பிரித்து ஒற்றைச் சடையாக்கினார். தன் மகனுடைய பழைய கண்ணாடியை மாட்டிவிட்டார். பெயரைக் கேட்டால் மதுமிதா என்று சொல்லச் சொன்னார்.

நேற்றுவரை முட்டைத் தட்டுகள் அடுக்கியிருந்த அறையின் வாசலில் ‘சிறப்புக் குழந்தைகள் அறை’ என்று எழுதியிருந்தது. பெயின்ட் இன்னும் காயவில்லை. சுவரில் சாய்ந்த கவுன்சிலர் ஒருவரின் வெள்ளைச் சட்டையில் பாதி எழுத்து ஒட்டிக்கொண்டது.

தலைவர் உள்ளே வந்தார். அறையைப் பார்த்தார். நாற்காலியைப் பார்த்தார். நம்ம ஊரில் இந்த மாதிரிப் பிள்ளை ஒன்றுகூட வீட்டில் சும்மா இல்லை என்று அறிக்கையில் எழுதிக்கொள்ளச் சொன்னார். மற்ற இரண்டு பள்ளியிலும் இதையேதான் சொன்னார்.

கதவோரம் நின்ற வானதி ஓரடி முன்னால் வந்தாள். அப்படி எழுதிவிட்டால் நாளைக்கு எந்த மூஞ்சியோடு போய்ச் சேர்க்கை கேட்பது? வாயைத் திறக்கப் போனாள். டீச்சர் கண்ணாலேயே அதட்டினார்.

தலைவர் குனிந்தார். பிள்ளைகளிடம் கேட்க அவருக்கு ஒரே கேள்விதான் தெரியும். படித்து என்னவாகப் போகிறாய்? முதல் பள்ளியில் பூவிழி டாக்டர் என்றாள். கடைத்தெருவில் கலெக்டர் என்றாள். இங்கே டீச்சர் என்று சொல்ல வேண்டும்.

பூவிழி கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டுக்கொண்டாள்.

“அது இருக்கட்டும் சார். நாளைக்கு நான் எந்த ஸ்கூலுக்கு வரணும்?”

பிரகதீஸ்வரி டீச்சருக்குக் குப்பென்று வேர்த்தது. கவுன்சிலர்கள் சுவரில் இருந்த உயிரெழுத்துகளை அவசரமாகப் படிக்க ஆரம்பித்தார்கள்.

வானதிக்கு மட்டும் போன உயிர் திரும்பி வந்தது. போட்டு உடைத்துவிட்டாளே மகராசி! இனி தலைவருக்குத் தெரியாமல் இருக்காது. சத்தம் போடுவார். யாரை ஏமாற்றுகிறீர்கள் என்பார். இந்தப் பிள்ளையை இப்போதே சேர்த்துக்கொள்ளுங்கள் என்பார்.

தலைவர் பூவிழியின் தலையைத் தடவிக்கொடுத்தார். நல்ல கெட்டிக்காரி என்று சிரித்தார். பிறகு வாசலில் நின்ற ரெத்தினத்தின் பக்கம் திரும்பினார்.

“முடிஞ்சுதுல்ல? நாற்காலிய மொதல்ல நம்ம வீட்ல கொண்டுபோய் எறக்கிடுப்பா. திண்ட மறந்துடாத. அம்மா காலையிலேருந்து கட்டில்லயே கெடக்குறாங்க, பாவம்.”

வானதி மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

டீச்சர் மறக்காமல் கண்ணாடியைக் கழற்றி வாங்கிக்கொண்டார்.