ஆற்றைப் பார்த்த அறை

“கிளம்பு! ஊர்ல வேற ஓட்டலே இல்லையா?” என்று மனைவியிடம் கர்ஜித்துவிட்டு, ஜவுளிக்காரர் வாசலைப் பார்த்து விறுவிறுவென்று நடந்தார். கோபம் ஒன்றும் இல்லை. போகவும் இஷ்டமில்லை.

பேரத்தின் முதல் பாடமே அதுதான். வாசல்வரை போகிறவரைத்தான் கடைக்காரன் கூப்பிடுவான். அப்படிப் போனவர்களையெல்லாம் “அட, வாங்க சார், கோச்சுக்காதீங்க” என்று கூப்பிட்டே ஆயுசு முழுக்கப் பிழைத்தவருக்கு இது தெரியாதா?

ஆனால் அவர் கடையில் வழி குறுகல், இரண்டு பக்கமும் துணி மூட்டை. முறைத்துக்கொண்டு போகிறவர்கூட இடித்துக்கொண்டு மெதுவாகத்தான் போக முடியும். இங்கேயோ பளிங்குத் தரை ஒரே வழுக்கில் வாசலில் கொண்டுபோய் விட்டது. கண்ணாடிக் கதவு வேறு, ‘நல்லது, போய் வாருங்கள்’ என்று தானாகவே திறந்துகொண்டது. கூப்பிடுவார் யாரையும் காணோம்.

வேறு வழியில்லாமல் குனிந்து செருப்புக்கு நாடா கட்டத் தொடங்கினார். செருப்பில் நாடா இல்லை.

கேட்டது ஒன்றும் பெரிய விஷயமில்லை. ஆற்றங்கரையில் வானத்தை முட்டிக்கொண்டு நிற்கும் அந்த ஓட்டலில் மனைவிதான் அறை பதிவு செய்திருந்தாள். அவளுக்குக் கார் நிறுத்துமிடத்தைப் பார்த்த அறைதான் கிடைத்ததாம். அதே வாடகைக்கு உச்சி மாடியில், ஆற்றைப் பார்த்த அறை வேண்டும் என்றார் இவர்.

வீட்டிலிருந்து கிளம்பும்போதே மகன் சொன்னான். கடை தன் கைக்கு வந்ததும் எல்லாத் துணியிலும் விலைச்சீட்டு ஒட்டி, ‘ஒரே விலை’ என்று பலகை மாட்டியவன் அவன். “அப்பா, இப்பல்லாம் எங்கயும் பேரம் கிடையாது. அங்க போய் மானத்தை வாங்காதீங்க.”

“ஆத்தைப் பாத்த ரூமைப் பேசி வாங்கிக் காட்டறேன். காட்டிட்டா?”

“காட்டுங்க. கடையில போர்வைப் பக்கம் மட்டும் விலைச்சீட்டையெல்லாம் பிச்சுட்டு, அங்க பேரம் பேசறதை உங்ககிட்டயே விட்டுடறேன்.”

போர்வையும் இல்லையென்றால், கடையில் அவருக்கு மிச்சமிருந்த உத்தியோகம் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, வருகிறவர்களைப் பார்த்துச் சிரிப்பதுதான். அந்த வேலையை ஒரு பொம்மையே செய்யும். துணியும் நன்றாகக் கட்டிக்கொள்ளும்.

“ஏங்க, இல்லாத நாடாவை எவ்வளவு நேரந்தான் கட்டுவீங்க?” என்றாள் மனைவி.

“சார்!”

வரவேற்பு மேஜைப் பெண்ணின் குரல்! ஜவுளிக்காரர் உடனே திரும்பவில்லை. அது இரண்டாவது பாடம்.

“அந்த ரூமுக்கு வாடகையே வேற சார்.”

“ஆறு என்ன உங்க முதலாளி வெட்டினதாம்மா? அது பாட்டுக்கு ஓடுது. பாக்கறதுக்கு ஒரு வாடகையா?”

“உச்சி மாடி சார் அது...”

“உச்சி மாடின்னா நான்ல கஷ்டப்பட்டு ஏறணும்? நியாயமா நீதான் குறைக்கணும்!”

“லிப்ட் இருக்கு சார்.”

“லிப்ட்ல போனா எனக்குக் காது அடைக்கும். அதுக்கு யாரு பதில் சொல்றது?”

பெண் உதட்டைக் கடித்துக்கொண்டாள். கணினியைத் தட்டினாள். மானேஜர் அறைப் பக்கம் பயந்து பயந்து பார்த்தாள். “என் வேலைக்கே உலை வெச்சுடுவீங்க போலிருக்கே! சரி சார், எடுத்துக்கோங்க. வெளியில மட்டும் சொல்லிடாதீங்க.”

உச்சி மாடியில் அறைக் கதவைத் திறந்தால், காரைவிட்டு இறங்கியதுமே சுமையாள் தள்ளிக்கொண்டு போன பெட்டிகள் கட்டிலோரம் வந்து உட்கார்ந்திருந்தன. “பாத்தியா சுறுசுறுப்பை! நம்ம கடையிலயும் இருக்கானுங்களே!” என்று வியந்தார்.

கீழே ஆறு, பிரித்துப் போட்ட சாம்பல்நிறப் பட்டுபோல் கிடந்தது. சாயம் போகுமா என்று ஓரத்தைத் தேய்த்துப் பார்க்க அவருக்கு விரல் துறுதுறுத்தது. போனில் மகனைக் கூப்பிட்டு, ஜன்னல் பக்கம் திருப்பிக் காட்டினார்.

“டேய், உங்கப்பன் எங்க நிக்கறேன் பாத்தியா?”

மகன் போனைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தான். “நெஜமாவே குடுத்துட்டாங்களா? ம்... சரிப்பா. போர்வை இனிமே உங்களோடது. சீட்டைப் பிச்சுடச் சொல்றேன்.”

வெற்றி வீரர் பழைய பாட்டொன்றைச் சுருதி விலகாமல் கொலை செய்தபடி குளியலறைக்குள் புகுந்தார். இந்தமாதிரி ஓட்டல்களில் மனிதன் நிம்மதியாக உட்காரும் இடத்துக்குப் பக்கத்திலும் ஒரு டெலிபோனை மாட்டி வைத்துவிடுகிறார்கள். அது மணியடித்தது. இன்னும் எதையாவது தரப்போகிறார்களோ என்று ஆசையாக எடுத்துக் காதில் வைத்தார். அதற்குள் கட்டிலருகே இருந்த போனை மனைவி எடுத்துவிட்டிருந்தாள்.

“மேடம், நீங்க போன வாரமே முழு வாடகையும் கட்டிப் பிடிச்சு வெச்ச ரூம்தான் இதுன்னு சாருக்குச் சந்தேகம் வரலையே? நீங்க சொல்லிக் குடுத்த மாதிரியேதான் பேசினேன்.”

“சந்தேகமாவது! பாடிக்கிட்டே குளிக்கப் போயிருக்காரும்மா. அந்தப் பாட்டைக் கேட்டு எவ்வளவு நாளாச்சு!”

ஜவுளிக்காரர் போனைக் காதில் இன்னும் அழுத்திக்கொண்டார்.

“நாளைக்கு ரூமை லேட்டா காலி பண்றேன்னு பேச வருவார்,” என்று மனைவியின் குரல் தணிந்தது. “அப்ப இன்னும் கொஞ்சம் முரண்டு பிடிம்மா.”