கிழியும் வலை

ஞாயிறு தேவாலயப் பூசை முடிந்து வந்ததும் ரெஜினா கணவனிடம் சினந்தாள்.

“ஏழையளுக்கெண்டு சாமியார் அவ்வளவு கேட்டவர். நான் உண்டியலிலை போட்டிட்டன், என்ரை கடமை முடிஞ்சுது. நீங்கள் ஒண்டும் போடேல்லை. கிழமைக்குக் கிழமை வலையையும் கல்லிலை கொழுவிக் கிழிக்கிறியள். அதைத் தைக்கிற லூர்தக்காவுக்குத்தான் எங்கடை மீன் கூலியாப் போகுது.”

“புருசனைக் கடலுக்குக் குடுத்த மனிசி. சும்மா குடுத்தால் வாங்கமாட்டா,” என்றான் அமலதாஸ்.

“அதுக்கு நாங்கள் என்ன செய்யிறது?”

அவன் கரைக்குப் போனான்.

தேநீர் கொண்டுபோன ரெஜினா, படகின் மறைவில் அவனைக் கண்டு நின்றுவிட்டாள். நல்ல வலையைக் கத்தியால் அறுத்துக்கொண்டிருந்தான். அவள் சத்தமில்லாமல் திரும்பினாள்.

அடுத்த ஞாயிறு அவன் கரைக்குப் புறப்பட, வாசல் படலைவரை பின்னால் வந்தாள்.

“இஞ்சருங்கோ, கத்தியை மறந்திட்டுப் போறியள்.”