மீசைக்கு வந்த ஆபத்து

"இப்பவே எடும்! என்ரை கண் முன்னாலை எடுக்கவேணும்!"

செசீலியா சவரக் கத்தியை நீட்டினார்.

நித்தியானந்தன் இரண்டு கையாலும் மீசையைப் பொத்திக்கொண்டார். இருபது வருட மீசை. சுவிஸின் பீல் பக்கத்துத் தமிழருக்கு, தோட்டம் போடுகிறவர் என்பதைவிட மீசைக்காரர் என்றால்தான் ஆளைத் தெரியும்.

அவருடைய வாய்தான் அவருக்கு எதிரி. செசீலியாவும் கணவர் அம்புறோசும் லுகானோவில் வாங்கிய விடுமுறை வீட்டுக்கு அவர்தான் தோட்டம் போட்டார். ஒலிவ் மரம் ஒன்று, கொஞ்சம் லவெண்டர், ரோஸ்மேரி. மிச்ச இடமெல்லாம் களை முளைக்காமல் தடித்த துணி விரித்து, மேலே சரளைக்கல்.

"தண்ணி ஊத்தத் தேவையில்லை, குனியத் தேவையில்லை. ஒரு களை முளைச்சாலும் மீசையை எடுக்கிறன், அக்கா!" என்று சொன்னதும் அவரேதான்.

"வெள்ளி பின்னேரம் வந்து இறங்கினால், சனி விடிய மனுஷன் களையோடை நிக்கிறார். ஆறு கிழமையாய் இதே கூத்து! எம்மன்புரூக்கேயிலை முப்பது வருஷம் ஃபக்டரியிலை முறிஞ்சது காணாதோ?" என்று செசீலியா பொரிந்தார்.

வெளியே அம்புறோஸ் வேலியோரம் முழந்தாளில் இருந்தார். மாதா கோயிலில்கூட மனிதர் இவ்வளவு நேரம் முழந்தாளில் இருந்ததில்லை. ஒரு களைக்குக் கால் மணித்தியாலம் எடுத்தார். பக்கத்து வீட்டுக் கிழவர் றென்சோ வேலியில் சாய்ந்து கதைத்துக்கொண்டே இருந்தார்.

அம்புறோஸ் வாளியைத் தூக்கிக்கொண்டு வீட்டுப் பக்கம் திரும்பினார். உடனே கிழவர் அக்கம்பக்கம் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து, விதை பஞ்சாய்ப் பறக்கும் களைப்பூ ஒன்றை எடுத்து, வேலிக்கு மேலால் பூ என்று ஊதினார்!

"அக்கா! கள்ளன் அங்கை நிக்கிறான்!" நித்தியானந்தன் துள்ளினார்.

செசீலியா கத்தியைப் போட்டுவிட்டு, வீடு கூட்டுகிற தும்புத்தடியைத் தூக்கினார். வாசலில் அம்புறோஸ் மறித்தார்.

"விடும் செசி. எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சுகொண்டோ நாரி முறியிறியள்?"

"மனுசி செத்தாப்பிறகு அவருக்குக் கதைக்க ஒருத்தருமில்லை. இந்த நாட்டிலை சொல்லாமல் கொள்ளாமல் ஒருத்தற்றை வீட்டுக்குப் போகேலுமோ? முதலே நாள் நேரம் கேட்டு டெர்மின் வைக்கவேணும். களை எண்டால் நானும் வேலிக்குப் போகலாம், அவரும் வரலாம்."

தும்புத்தடி மெல்லக் கீழே இறங்கியது. செசீலியாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

நித்தியானந்தனுக்குக் கலங்கவில்லை. மீசை தப்பினாலும் தொழில் மானம் என்று ஒன்று இருக்கிறதே!

"அதெல்லாம் சரி அண்ணை. ஆனால் என்ரை துணிக்கு மேலை அந்த விதை எப்பிடி முளைச்சது? சத்தியமாய் முளைக்காது!"

அம்புறோஸ் வாளியை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். செசீலியா எட்டிப் பறித்துப் பார்த்தார். உள்ளே ஈரத் துணியில் வேரும் மண்ணுமாய், வாடாமல் சுற்றி வைத்த நாலு களைச்செடிகள்.

"முளைக்கேல்லைத்தான் தம்பி" என்றார் அம்புறோஸ், தலையைச் சொறிந்துகொண்டு. "மனுஷன் கஷ்டப்பட்டு ஊதிப்போட்டு ஏமாந்துபோகப் போறார் எண்டு, எம்மன்புரூக்கேயிலை எங்கடை வீட்டடி பஸ் தரிப்பிலை கிண்டிக்கொண்டு வந்து நான்தான் நடுறன்."