இரவல் கேட்டு வந்தவர்கள்

இதை எனக்கு முதலில் சொன்னது எடித் அக்கா. போன ஆவணியில் மடு மாதா திருவிழாவுக்குப் போய், பக்கத்துப் பக்கத்தில் கூடாரம் அடித்திருந்தபோது, தேத்தண்ணி ஆற்றிக்கொண்டே சொன்னா. அவ இது நடந்த ஊரில் பிள்ளைப்பேறு பார்க்கிற மருத்துவமாது. கூட்டிக் குறைத்துக் கதைக்கிற ஆள் இல்லை.

தலைமன்னார் றோட்டில், இந்தியாவில் அகதி முகாமிலிருந்து திரும்பி வந்த சனத்துக்குக் கட்டிக்கொடுத்த வீட்டுத்திட்டம் ஒன்று இருக்கிறது. அங்கேதான் செலீனாவும் மகன் மில்ரனும். புருசன் இல்லை. செலீனா நண்டுக் கம்பனியில் நண்டு உடைக்கப் போறவ.

கொஞ்ச நாளாக அவவுக்கு அயலட்டைச் சனத்தைக் கண்ணில் காட்டக்கூடாது என்றிருந்தது. காரணம், இரவல்.

அவ வேலைக்குப் போன கையோடு தொடங்குமாம். பக்கத்து வீட்டு உம்மு ஸல்மா தேங்காய்த் திருவலை கேட்டு வருவா. கொஞ்ச நேரத்தில் கொண்டுவந்து கொடுப்பா. அவ போக, ஓட்டோ ஓடுகிற பிலிப்பு மண்வெட்டி கேட்டு வருவார். பின்னேரம் திருப்பிக் கொடுக்க வருவார். அடுத்த நாளும் அதே திருவலை, அதே மண்வெட்டி.

ஒருநாள் அமிர்தநாயகம் மாஸ்ரர் சீப்பு கேட்டு வந்தார். அவருடைய தலையில் மருந்துக்கும் மயிர் இல்லை.

"மாஸ்ரருக்குச் சீப்பு என்னத்துக்கடா?" என்று செலீனா மகனைக் கேட்டா.

"நானும் கேட்டனான் அம்மா. கொஞ்சம் யோசிச்சுப்போட்டு, மனுசிக்கு எண்டார்."

மாஸ்ரரின் மனுசி கனடாவில்.

சந்தியில் இரண்டு கடை இருக்க, இதுகளுக்கு என்ர வீடுதான் கடையோ என்று செலீனா பொரிந்து தள்ளினா. ஆனால் கோபத்துக்கு அடியில் கிடந்தது பயம். மில்ரன் போதைத் தூளுக்கு அடிமையாகி, மறுவாழ்வு நிலையத்தில் இருந்துவிட்டு வந்து இரண்டு கிழமைதான். ஊருக்கு, அவன் கொழும்பில் ஹோட்டல் வேலைக்குப் போனவன் என்று சொல்லி வைத்திருந்தா. வருகிறதுகள் அவனுடைய முகத்தைப் பார்த்து விசயத்தைப் பிடித்துவிட்டால்?

டொக்டர் சொல்லி அனுப்பியது வேறு நெஞ்சை அரித்தது. அவனுடைய உடம்பு இப்போது தூளை மறந்து போயிருக்கிறது, பழைய அளவில் ஒருதரம் எடுத்தாலும் மூச்சு நின்றுவிடும், தனிய விடவேண்டாம் என்றிருந்தார். தனிய விடாமல் என்ன செய்கிறது? நண்டு உடைத்தால்தான் அடுப்பு எரியும்.

முந்தின வருசம் பக்கத்து ஊரில் இரண்டு பெடியள் தூளால் செத்துப்போக, பிரதேச சபை டொக்டரையும் பங்குச் சுவாமியாரையும் மௌலவியையும் ஓட்டோக்காரரையும் ஒன்றாகக் கூப்பிட்டுக் கூட்டம் வைக்கத் தொடங்கியிருந்தது. சபை உறுப்பினர் நிறஞ்சலா, வீட்டில் தூள் பிரச்சினை ஏதும் உண்டோ என்று செலீனாவையும் வந்து கேட்டுப் பார்த்தா. எங்கட வீட்டில் அப்படி ஒன்றும் இல்லைப் பிள்ளை என்று செலீனா அனுப்பிவிட்டா.

சீப்புக்கு அடுத்த நாள், மகனை உள்ளே விட்டு, வாசல் படலைக்கு ஒரு ஆமைப்பூட்டைப் போட்டுவிட்டு வேலைக்குப் போனா. இனி ஆர் வாறதெண்டு பாப்பம் என்று.

வெயில் ஏறும் நேரம் ஸல்மா திருவலைக்கு வந்தா. பூட்டு. மில்ரனைக் கூப்பிட்டா. பதில் இல்லை. உள்ளே றேடியோ மட்டும் பாடிக்கொண்டிருந்தது. உடனே பிலிப்புக்கும் எடித் அக்காவுக்கும் ஃபோன் போட்டா.

பிலிப்பு படலையைப் பூட்டோடு சேர்த்துப் பெயர்த்துப் போட்டார். மில்ரன் நிலத்தில் கிடந்தான், உதடு நீலம் பாரித்து. பழைய சேட்டுப் பையில் மிச்சமாய்க் கிடந்த தூளாம். எடித் அக்கா அவனுடைய வாயில் வாய் வைத்து மூச்சு ஊதினா. ஓட்டோவிலும் ஊதிக்கொண்டே போனா. ஆஸ்பத்திரி வாசலில் டொக்டர் ஆயத்தமாய் நின்றார்.

செலீனா நண்டு மணக்கிற கையோடு ஓடிவந்தபோது பிள்ளை கண் முழித்துவிட்டான். வாசலில் ஸல்மா, பிலிப்பு, மாஸ்ரர், நிறஞ்சலா எல்லாரும் நின்றார்கள். செலீனா போய் ஸல்மாவின் இரண்டு கையையும் பிடித்தா.

"உன்ர வீட்டில திருவலை இல்லாமல் போனது கடவுள் செயல், ஸல்மா."

"இருக்கு அக்கா," என்றா ஸல்மா. "ரெண்டு இருக்கு."

செலீனா திரும்பிப் பிலிப்பைப் பார்த்தா. அவர் நிலத்தைப் பார்த்தார். மாஸ்ரர் மொட்டைத் தலையைத் தடவினார்.

நிறஞ்சலாதான் வாய் திறந்தா. "கோவிக்காதேங்கோ அன்ரி. சும்மா வந்து எட்டிப் பாத்தால் காவல் எண்டு உங்களுக்கு விளங்கியிடும். இரவல் எண்டால் ரெண்டுதரம் வரலாம். வாங்க ஒருக்கா, குடுக்க ஒருக்கா. கூட்டத்தில அப்பிடித்தான் முடிவெடுத்தனாங்கள்."

"அப்ப உங்கள் எல்லாருக்கும் தெரியுமோ?"

"ஓம் அன்ரி."

"எப்ப தொடக்கம்?"

"தம்பி கொழும்புக்கு ஹோட்டல் வேலைக்குப் போன நாள் தொடக்கம்."

செலீனா முதலில் அழுதாவாம். பிறகு சிரித்தாவாம். சீப்பை மாஸ்ரர் இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.

மில்ரன் இப்போது பிலிப்போடு ஓட்டோ திருத்தப் பழகுகிறான். அதோடு தினமும் அடுத்த ஒழுங்கையில் ஒரு வீட்டுக்குச் சுத்தியல் இரவல் கேட்டுப் போகிறானாம். அந்த வீட்டுப் பெடியனும் கொழும்பிலிருந்து வந்தவன்தானாம்.

இதை வாசிக்கிற நீங்கள், இரவு செபம் சொல்லும்போது அந்த இரண்டு பிள்ளைகளுக்காகவும் ஒரு அருள்நிறை மரியே சொல்லிவிடுங்கோ. உம்மு ஸல்மாவையும் சேர்த்துக்கொள்ளுங்கோ, அவ கோவிக்கமாட்டா.