கொலரில் குத்திய வில்லை

ஒலுவிலில் ஃபைபர் தோணி செய்யும் பட்டறை வாசலில் தொழில் சுகாதாரப் பரிசோதகர் நிறோசா நின்றாள். காற்றிலுள்ள இரசாயன ஆவியை அளக்க, வேலையாள் றிஸ்மியின் கொலரில் அவள் குத்திவிட்டுப் போன வில்லையின் முடிவு வந்திருந்தது.

"அளவுக்கு மிஞ்சின ஆவி, ஹாஜியார். அந்த இடத்தில ஆள வெக்க ஏலாது."

"மிஷின் பிழைச்சிருக்கும் மிஸ்," என்றார் முதலாளி அப்துல் ஸமட் அலுப்போடு.

"இல்ல. றிஸ்மிக்குத் தலையிடி, அசதி இருக்குமே?"

அன்று அவள் போனதும் வில்லையைக் கழற்றி, ரெசின் பீப்பாக்களுக்கு அடுத்திருந்த தன் ஏசி அறையில் மாட்டியவர் ஸமட்தான். அங்கே நாற்றமே இல்லையென்று நம்பியிருந்தார்.

அந்த அறைக்குள் ஓடினார். நாள் முழுக்க அங்கிருந்து கணக்கெழுதும் மகள் ஸப்னா, ஆறு மாதக் கர்ப்பிணி, மேசையில் தலைசாய்த்துக் கிடந்தாள்.

"எழும்புங்க மகள், வெளிய போவம்."

"கொஞ்சம் பொறுங்க வாப்பா, தலையிடிக்கிது."