சர்க்கார் கொடுத்த காது

பண்ணைக்காட்டுச் சரிவில் பனி விலகி, காப்பிக்கொட்டை காயும் களத்தில் வெயில் மெல்ல விழுகிறது. பட்டாளத்தில் பீரங்கிச் சத்தத்தில் காது மந்தமாகித் திரும்பிய பொன்னுச்சாமி, குனிந்து கொட்டையைக் கிளறிக்கொண்டிருக்கிறார். சர்க்கார் ஆஸ்பத்திரியில் நேற்றுக் கொடுத்த மிஷின் அவர் சட்டைப் பையில் கனக்கிறது. அதிலிருந்து ஒரு வயர் காதுக்கு ஏறுகிறது. வேலிக்கு அந்தப் பக்கம் விசாலாட்சி நிற்கிறாள். "அண்ணே, எங்க மாடு வெள்ளனே கன்னு போட்டிருச்சு." "காளையா, கிடேரியா?" என்று அவர் தலை நிமிராமலே கேட்கிறார். இத்தனை வருஷமாக ஊர்ப் பேச்சையெல்லாம் அவருக்கு வாயசைத்துச் சொன்னவள், களத்தோரம் புடைத்துக்கொண்டிருக்கும் அவர் பெண்டாட்டி குப்பம்மாள். அப்போதெல்லாம் அவளது உதட்டை விட்டு அவர் கண் நகராது. "இனிமே மதினிக்குச் சோலி கொறைஞ்சுது" என்கிறாள் விசாலாட்சி. "ஆமா, அதான் நீ இருக்கியே" என்கிறாள் குப்பம்மாள். அவள் புடைக்கிற முறம் படபடக்கிறது. அவர் அதற்கும் சிரிக்கிறார், கொட்டையைப் பார்த்தபடியே. "கஞ்சி ஊத்தட்டுங்களா?" என்று குப்பம்மாள் கேட்கிறாள். "ம்." முதுகுதான் பதில் சொல்கிறது. விசாலாட்சி போனதும் குப்பம்மாள் முறத்தை வைத்துவிட்டு, அவருக்கு நேர் எதிரே வந்து உட்காருகிறாள். வாயை அசைக்கிறாள், சத்தம் விடாமல். ஓரக்கண்ணில் அதைக் கண்டவர் மிஷினைத் தட்டுகிறார், திருகுகிறார். "ஏ புள்ளே, இது நின்னுபோச்சு போல." அவள் அசைத்துக்கொண்டே இருக்கிறாள். அவர் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு, நிமிர்ந்து அவள் உதட்டைப் பார்க்கிறார். அவள் பேச்சை முடிப்பதாக இல்லை.